இடக்கை கிட்டார்

பெனின்சுலாவின் மூன்றாம் மாடியில்
கிட்டார்கள் கழுத்தில் தொங்குகின்றன.
முதல் கடைக்குள் நான் போகவில்லை.
உள்ளே ஒரு பையன்
இரண்டு கையாலும் மழை பெய்வித்துக்கொண்டிருந்தான்.
அவன் ஓயட்டும் என்று
கண்ணாடிக்கு வெளியே நின்று
விலைச் சீட்டுகளைப் படித்தேன்.
படிக்கத் தெரிந்தது அவ்வளவுதான்.

வயது ஐம்பத்தொன்று.
சட்டைப்பையில் உறை, உறைக்குள் முந்நூறு வெள்ளி.
'இதற்கு மேல் கூடாது' என்று
உறை மீதே எழுதியிருக்கிறாள் குமுதவல்லி,
அடிக்கோடு இரண்டு.
ஏன் கிட்டார் என்று கேட்காதீர்கள்.
பத்து வருஷமாக நானே கேட்டுப் பார்த்துவிட்டேன்.

இரண்டாம் கடையில் ஹைருல்,
சட்டையில் பெயர் குத்தியிருந்தது.
"யாருக்கு அங்கிள், பிள்ளைக்கா?"
ஆமாம் என்பது பல் வரை வந்துவிட்டது.
"எனக்கு" என்றேன்,
எடுத்த பொருளைத் திருப்பி வைக்கிறவன் குரலில்.

அவன் சிரிக்கவில்லை.
ஸ்டூலை இழுத்துப் போட்டான்.
இது நைலான், விரலுக்கு மெத்தை,
ஆனால் கழுத்து அகலம்.
இது எஃகு, கழுத்து மெலிது,
முதல் மாதம் விரல் நுனி உங்களைத் திட்டும்.
கம்பி என்றும் சொல்லலாம் இதை.
எனக்கு என்னவோ
நரம்பு என்றுதான் வாயில் வந்தது.

"எலும்பு பரவாயில்லை, நரம்புதான் போய்விட்டது"
என்றார் அன்றைக்கு மருத்துவர்.
பதினெட்டு வருஷம் முன்பு
ஜூரோங்கில் தகடு வெட்டும் இயந்திரம்
என் இடக்கை மோதிர விரலில்
இரண்டு கணுவை வைத்துக்கொண்டது.
விரலுக்கு விலை போட்டுக் கடிதம் வந்தது.
அந்தப் பணத்தில் வாங்கிய குளிர்சாதனப் பெட்டியும்
போய்ச் சேர்ந்தாயிற்று.
மோதிரம் வலக்கைக்கு வீடு மாறியது.
விரல் மட்டும்
மழைக்கு ஒரு மணி நேரம் முன்பே
இல்லாத இடத்தில் அரிக்கும்.

மெலிந்த கழுத்தைப் பிடித்து அழுத்திப் பார்த்தேன்.
மூன்று விரல் போய் உட்கார்ந்தன.
நான்காவது வாசலோடு நின்றது.
ஹைருல் பார்த்தான்,
பார்க்காததுபோல் ஒரு திருகாணியைத் துடைத்தான்,
பிறகு கேட்டான்:
"இதற்கு முன்னால் வாசித்திருக்கிறீர்களா?
கொஞ்சம்கூட?"
கொஞ்சம்கூட இல்லை.
"அப்பாடா" என்றான்.

உள்ளே போனவன்
தூசி படிந்த ஒன்றோடு வந்தான்.
எல்லாம் எதிர்ப்பக்கம்.
இடக்கைக்காரர் ஒருவர் சொல்லிவைத்துவிட்டு
வராமலே போனாராம்.
இரண்டு வருஷமாகச் சுவரைப் பார்த்து நின்றிருக்கிறது.
"பழகியவருக்குத்தான் கை மாற்றக் கஷ்டம், அங்கிள்.
உங்களுக்கு இரண்டு கையும் ஒரே அளவு..."
சொல் தேடித் தடுமாறினான்.
"முட்டாள்" என்று எடுத்துக் கொடுத்தேன்.

ஆக, அழுத்துவது வலக்கை.
குறைக்கையின் வேலை சும்மா வருடுவது,
அதற்குக் கட்டைவிரல் ஒன்றே போதும்.
மோதிரம் கழுத்தில் மோதியது.
கழற்றினேன்.
சோப்புப் போட்டாலும் வராதது
அன்றைக்கு வந்தது.
உறைக்குள் போட்டேன்,
இரண்டு அடிக்கோட்டுக்கும் கீழே.

வருடினேன்.
மூன்று நரம்பு செத்துக் கிடந்தன,
இரண்டு தகரம்போல் அதிர்ந்தன.
நடுவில் ஒன்று,
எது என்று இன்னும் தெரியாது,
பேசியது.

முந்நூற்று நாற்பது என்றான்.
முந்நூற்றுப் பத்துக்கு இறங்கினான்.
பத்து வெள்ளி என் குற்றம்,
மத்தியானச் சோற்றில் கழித்துக்கொள்கிறேன்.

சிவப்புத் தடத்து ரயிலில்
பையை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தியிருந்தேன்.
எதிரே ஒரு சிறுமி
பையையும் என் நரையையும் மாறி மாறிப் பார்த்தாள்,
கணக்கு இடிக்கிறது என்பதுபோல்.
காத்திப் தாண்டியதும்
ஜன்னலில் சாய்வாகத் தண்ணீர்க் கோடுகள்.
யீஷூனில் இறங்கினால் கொட்டுகிறது.
குடை இல்லை.
இந்த விரல்
இன்றைக்குச் சொல்லவே இல்லையே.